கூட்டமில்லாத கோட்டை

என் கல்யாணத்துக்காக என் அப்பாவை ஒருமுறை முக்கால்வாசி கொன்றிருக்கிறேன். மீதிக் கால்வாசி நடக்காமல் போனதற்கு நான் காரணமில்லை. எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நான் சிரித்துக்கொண்டு சொல்வதற்கு வருஷக்கணக்காயிற்று. இப்போதும் நடுவில் ஓர் இடத்தில் எனக்குச் சிரிப்பு வராது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. எனக்கு இருபத்தொன்பது வயது. இரும்புலியூரில் வீடு. முடிச்சூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. கோபக்காரி. (பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ‘பிரஷர் குக்கர்’. கழிப்பறைக் கதவில் எழுதி வைத்திருந்தார்கள்.) அதுவரை ஐந்து குடும்பங்கள் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தன. எங்கள் சபை ஆட்களிடம் ‘பெண் பிடிக்கவில்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் பழக்கம் கிடையாது. கேசரியைத் தின்றுவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, “வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்” என்பார்கள். பழியை ஆண்டவர் தலையில் போட்டுவிட்டு ஆட்டோ ஏறிவிடுவார்கள். ஐந்து குடும்பங்களும் இன்னும் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கின்றன.

அதில் மூன்றாவது குடும்பம் மட்டும் தரகர் மூலம் காரணத்தைச் சொல்லி அனுப்பியது. பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. நாளைக்குப் பெண்ணுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். இனி வரப்போகிற எந்த மாப்பிள்ளை வீட்டாரிடமும் அப்பாவின் சர்க்கரையைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

அப்பா மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் போய் வந்தவர். யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பார். நல்ல மனிதர். என் சட்டத்துக்கும் தலையை ஆட்டினார்.

அடுத்தது புஷ்பா அக்கா. எதிர் வீடு. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். விடியற்காலையில் போய் மீன் எடுத்து வந்து, மார்க்கெட்டில் விற்றுவிட்டு, சாயந்திரம் எங்கள் வாசலுக்கு நேராக அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கண் மீனில் இருக்காது. எங்கள் கேட்டில் இருக்கும். ஒவ்வொரு தடவை மாப்பிள்ளை வீட்டார் வந்து போகும்போதும் தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள்.

“இன்னா டீச்சரு, இது செட்டாய்டுமா?”

ஒரு வாரம் கழித்து, இன்னும் சத்தமாக: “இன்னா டீச்சரு, போன் வந்துச்சா? வர்லியா? வுடு. மூஞ்சே செரியில்ல அவனுக்கு.”

அவள் அக்கறையாகத்தான் கேட்டாள். அப்போது எனக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்கிற புத்தியும் இல்லை. நான் பட்டது முழுக்க அவமானம்.

ஆறாவது வரன் திருவண்ணாமலையிலிருந்து வந்தது. பையன் ஜெபராஜ், ஒரு பள்ளியில் கிளார்க். அப்பா இல்லை, அம்மா மட்டும். இந்தத் தடவை நான் அடித்துச் சொல்லிவிட்டேன். வீட்டில் பெண் பார்க்கக் கூடாது. வெளியே எங்கேயாவது வைத்துக்கொள்ளலாம். பிடிக்காமல் போனால் தெருவுக்குத் தெரியாமலே போய்விடும்.

“மகாபலிபுரம்?” என்றாள் அம்மா.

“அங்க போனா தாம்பரத்துல பாதிப் பேரு அங்கதான் நிப்பான்.”

கடைசியில் செஞ்சிக் கோட்டை என்று முடிவானது. திருவண்ணாமலைக்கும் இரும்புலியூருக்கும் நடுவில். ராஜாக்கள் இருந்த இடம். எங்கள் தெருவிலிருந்து எந்த ராஜாவும் அந்தப் பக்கம் போக மாட்டான். அதிலும் ஞாயிறு வேண்டாம், சனி வேண்டாம், வாரத்தின் நடுவில் ஒரு நாள், அதிலும் காலையில் முதல் ஆளாக உள்ளே போய்விட வேண்டும் என்று நான்தான் திட்டம் போட்டேன். பள்ளிக்கு லீவு சொன்னேன். டிராவல்ஸில் ஒரு சுமோ பேசினேன். யாருக்கும் எந்த வேலையும் வைக்கவில்லை. ஒரு கணக்கு டீச்சர் போட்ட திட்டம், தப்பு வராது என்று நினைத்தேன்.

“கோட்டையில யாராச்சும் பொண்ணு பார்ப்பாங்களாடி?” என்று அம்மா மட்டும் முனகினாள்.

“கூட்டம் இருக்காதும்மா. அதுதான் முக்கியம்.”

விடியுமுன்னே கிளம்பினோம். எதிர் வீடு பூட்டியிருந்தது. புஷ்பா அக்கா மீன் எடுக்கப் போய்விட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். டிரைவர் மூர்த்தி அண்ணன் தாம்பரத்துக்காரர். திண்டிவனம் தாண்டும்வரை பேசாமல் வந்தவர், செஞ்சிக் குன்றுகள் கண்ணில் பட்டதும் வாயைத் திறந்தார்.

“இன்னா சார், இவ்ளோ காலங்காத்தால கோட்டைக்கு? படையெடுக்கப் போறீங்களா?”

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு மடியில் டிபன் இருந்தது. இட்லி ஒரு தூக்கில், கெட்டிச் சட்னி ஒரு டப்பாவில், கேசரி ஒரு எவர்சில்வர் டப்பாவில். கேசரியை நானே கிண்டி, கரண்டியால் மேலே மழமழவென்று தடவி, முந்திரியை வட்டமாகப் பதித்திருந்தேன். பெண்ணின் கைவேலை. ஆட்டம் கொடுக்காமல் நூற்றிருபது கிலோமீட்டர் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தோம். கோட்டை வாசல் பூட்டியிருந்தது. எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ராஜா கோட்டை என்றால் திறந்துதானே கிடக்கும் என்று இருந்திருக்கிறேன். சுற்றிலும் ஈ காக்கை இல்லை. ஒரு டீக்கடைகூடத் திறக்கவில்லை. “பார்த்தீங்களா, கூட்டமே இல்ல” என்று பெருமையாக வேறு சொன்னேன்.

அப்பா மணி ஏழானதும் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தார். முப்பது வருஷம் ரயில் நேரத்தில் வாழ்ந்தவர். நிமிஷம் தவற மாட்டார். மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

“ஹெலன், ரெண்டு இட்லி குடும்மா.”

“அப்பா, அவங்க இப்ப வந்துருவாங்க. வர்றதுக்கு முன்னாடி நாம சாப்பிட்டு உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்குமா?”

“ஒரு வாய் கேசரியாச்சும்?”

“கேசரில குழி விழுந்துரும்பா!”

இதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். கேசரியில் குழி விழக் கூடாது என்பதற்காக.

ஏழரை ஆனது. எட்டு ஆனது. அப்பா பொறுமையாகச் சுமோவின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். எட்டேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாடகைக் காரில் வந்தார்கள். ஜெபராஜ் ஒல்லியாக, சாதுவாக இருந்தார். அவர் அம்மா குண்டாக, கையில் பெரிய பைபிளோடு இருந்தார். “வழியில லாரி மறிச்சிருந்துச்சு” என்றார். நான் சேலையைச் சரி செய்துகொண்டு, “சாப்பிட்டுடலாமா ஆன்ட்டி?” என்றேன்.

“முதல்ல ஜெபம், அப்புறம் பேச்சு, அப்புறம்தான் சாப்பாடு. எங்க வீட்டுல அதுதான் ஒழுங்கு.”

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன்.

கதவு திறந்ததும் முதல் ஆளாக டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். நான் ஆசைப்பட்டபடியே கோட்டைக்குள் நாங்கள் ஐந்து பேர்தான். மூர்த்தி அண்ணன் வண்டியிலேயே தூங்கிவிட்டார். உள்ளே கல்யாண மகால் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. பெயர் பொருத்தமாக இருக்கிறதே என்று அதன் பக்கத்தில் நிழலாக ஓர் இடத்தில் பெட்ஷீட்டை விரித்தேன். நடுவில் டிபன். சுற்றி நாங்கள். அந்த அம்மா கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார்.

என் ஆயுசில் அப்படி ஒரு ஜெபம் கேட்டதில்லை. இந்தக் கோட்டையைக் கட்டினவர்களில் ஆரம்பித்தார். நாட்டை ஆளுகிறவர்கள், மழை, வியாதியஸ்தர்கள், விதவைகள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. பத்து நிமிஷம் கழித்து என் முழங்கால் பக்கத்தில் ஏதோ உரசியது. டப்பா மூடி கல்லில் விழுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கலாமா என்று நினைத்தேன். அந்த அம்மா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டால்? ‘ஜெபத்துல கண்ணு திறக்கிற பொண்ணு’ என்று திருவண்ணாமலை முழுக்கப் பெயர் வந்துவிடும். இறுக்கி மூடிக்கொண்டேன்.

“ஆமென்” என்று சொல்லிக் கண்ணைத் திறந்தால் பெட்ஷீட்டின் நடுவில் சட்னி மட்டும் இருந்தது. இட்லித் தூக்கை ஒரு குரங்கு மதில்மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று என் கேசரி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. ஐந்து குடும்பம் தின்ற கேசரியை இவ்வளவு ரசித்துத் தின்றவன் அவன் ஒருவன்தான்.

“கீழ போய் எங்கயாச்சும் ஓட்டல்ல சாப்பிட்டுடலாமே” என்றார் அப்பா. குரலில் ஏதோ அவசரம் இருந்தது. நெற்றி வேர்த்திருந்தது.

போயிருக்கலாம். அந்த அம்மாகூட, “அதுவும் சரிதான்” என்றார். ஆனால் டிபனைக் குரங்கிடம் பறிகொடுத்த பெண் என்று முடிந்துவிடக் கூடாதே என்று எனக்கு வீம்பு. ஜெபராஜோடு இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“இவ்வளவு தூரம் வந்துட்டு மலை ஏறாமப் போறதா? வெயில் ஏறறதுக்குள்ள கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துட்டு வந்துடலாம். அப்புறம் கூட்டம் வந்துரும்.”

ஏறினோம். ராஜகிரிக்குப் போகிற கற்படிகள். நானும் ஜெபராஜும் முன்னால், அந்த அம்மா நடுவில், அப்பாவும் அம்மாவும் பின்னால். ஜெபராஜ், “உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டார். “கூட்டம் இல்லாத இடம்” என்றேன். இது ஏதோ பெரிய பதில் என்று எனக்கு நினைப்பு.

நூறு, நூற்றைம்பது படி இருக்கும். பின்னால் அப்பாவின் குரல் உயர்ந்தது.

“டிக்கெட்டக் காட்டு.”

திரும்பினேன். அப்பா அந்த அம்மாவின் முன்னால் கையை நீட்டி நின்றிருந்தார். கண் எங்கேயோ இருந்தது. சட்டை தண்ணீரில் முக்கியதுபோல் நனைந்திருந்தது.

“டிக்கெட்டா? கீழயே எடுத்துட்டோமே” என்று அந்த அம்மா பாவம், நிஜமாகவே கைப்பையைத் துழாவினார்.

“சீசனா? சீசன் இருந்தா காட்டு. இது ஃபர்ஸ்ட் கிளாஸ், தெரியுதா? பல்லாவரத்துல ஏறினியா? ஏய், உன்னத்தான் கேக்கறேன். பைபிள் வெச்சிருந்தா ஓசியில வந்துடலாமா?”

நாக்கு குழறியது. கால் பின்னியது. அந்த அம்மா இரண்டு படி பின்வாங்கினார். மூக்கைச் சுருக்கினார்.

“என்ன இது? காலையிலயே குடிச்சிருக்காரா?”

சிரிப்பு வராத இடம் இதுதான்.

அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அது என்ன என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். இதற்கு முன் இரண்டு தடவை வீட்டில் இதே மாதிரி ஆகி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பியிருக்கிறோம். அம்மா வாயைத் திறந்தாள். “அவருக்கு சு…” என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக் கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன்.

“அதெல்லாம் இல்ல ஆன்ட்டி. வெயில்ல தலை சுத்துது அப்பாவுக்கு. கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்.”

அப்பாவை ஒரு படியில் உட்கார வைத்தேன். அவர் என்னைப் பார்த்து, “நீ யாரும்மா?” என்றார். நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். “அப்பா எப்பவும் இப்படித்தான் ஜோக் அடிப்பார்” என்றேன். அவரைக் குடிகாரர் என்று அவர்கள் நினைத்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பேனோ என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன். குடி என்றால் மகளுக்குத் தொற்றாது பாருங்கள்.

பக்கத்தில் நின்ற ஜெபராஜ் பேன்ட் பைக்குள் கையை விட்டார். அவர் அம்மா, “ஜெபராஜ்” என்று மட்டும் சொன்னார். கை வெறுமனே வெளியே வந்தது. கர்சீப்பைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

இப்படி ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ போனது. அப்பா திடீரென்று, “சைதாப்பேட்டை வந்துடுச்சு, இறங்கணும்” என்று எழுந்தார். எழுந்து காலை வைத்த இடத்தில் படி இல்லை. இரண்டு படி உருண்டு விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். “அப்பாவுக்கு சுகர்! சர்க்கரை ஏதாச்சும் இருக்கா? யாராச்சும் வாங்களேன்!” என்று கத்தினேன். அந்தக் கோட்டையில் என் குரல் நாலாபக்கமும் போய்த் திரும்பி வந்தது. நான் கேட்டது மாதிரியே கூட்டமில்லாத கோட்டை. ஜெபராஜின் செல்போனில் சிக்னல் இல்லை. அவர் படியிறங்கி ஓடினார். அம்மா அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “நீங்க என்ன விட்டுட்டுப் போகாதீங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சட்னி டப்பாவைக் கையில் வைத்திருந்தேன். ஏன் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன் என்று இதுவரை தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. கீழேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம். மஞ்சள் சேலை கட்டிய பொம்பளைகள் இருபது முப்பது பேர், கையில் வேப்பிலையும் பையுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். ஜெபராஜ் அவர்களை வழியிலேயே பார்த்துக் கூட்டி வந்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் வந்தவள் புஷ்பா அக்கா.

எங்கள் வீட்டுக் காலண்டர் சபையில் கொடுத்தது. நாளுக்கு ஒரு வசனம் இருக்கும். அமாவாசை இருக்காது. அன்றைக்கு அமாவாசை. செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஊரே திரண்டு வருகிற நாள். இரும்புலியூர் மீன் மார்க்கெட் பொம்பளைகள் வேன் பிடித்து வந்து, போகிற வழியில் கோட்டையையும் பார்த்துவிடலாம் என்று ஏறியிருக்கிறார்கள். கூட்டமில்லாத நாளாக நான் தேர்ந்தெடுத்த நாள் அது.

“அட டீச்சரு! நீ இன்னா இங்க கீற?” என்றவள் கீழே பார்த்தாள். குரல் மாறிவிட்டது. “ஐயோ, டிடிஆரு சாரு! சுகரு எறங்கிச்சா? மாத்தர போட்டுகினு துன்னலியா? தள்ளு, தள்ளு!”

அப்பாவின் சர்க்கரை எங்கள் தெருவுக்கே தெரிந்திருந்தது. நான் கட்டிக் காத்த ரகசியம் அந்த லட்சணத்தில் இருந்திருக்கிறது.

“எங்க வூட்டுக்காரருக்கு மாசத்துக்கு ரெண்டு தபா இதே பேஜாருதான்” என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டு, கோயிலில் பொங்கல் வைக்கக் கொண்டு வந்த வெல்லத்தை எடுத்தாள். கல்லில் வைத்து நசுக்கி, சொட்டுத் தண்ணீரில் குழைத்தாள். விரலால் வழித்து அப்பாவின் ஈறில் தேய்க்கப் போனாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “புஷ்பா, இது… படைச்சதா?”

புருஷன் போய்க்கொண்டிருக்கிறான், இவளுக்கு இந்தச் சந்தேகம். நாங்கள் படைத்ததைத் தொட மாட்டோம். சின்ன வயதிலிருந்து ஊறிப்போனது.

புஷ்பா அக்கா ஒரு விநாடி அம்மாவைப் பார்த்தாள். “இன்னும் படைக்கல. உங்க ஏசு கோச்சிக்க மாட்டாரு. எங்க ஆத்தாதான் கோச்சிக்கணும், அவளுக்கு முன்னாடி உங்க வூட்டுக்காரரு துன்றாருன்னு. அத்த நா பாத்துக்கறேன். கைய வுடு.”

கையை விட்டாள். புஷ்பா அக்கா தேய்த்தாள். கொஞ்சம் விட்டு மறுபடி தேய்த்தாள். நான் அந்த மீன்வெட்டுகிற விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளி நின்றார். இந்தத் தடவை அவருக்கு ஜெபம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கண் திறந்தது. மேலே குனிந்திருந்த முகங்களைப் பார்த்தார். நெற்றி நிறைய மஞ்சள், குங்குமம், தலைக்கு மேல் வேப்பிலைக் கொத்து. மெல்லிய குரலில் சொன்னார்:

“செத்துட்டேனா? தப்பான எடத்துல எறக்கி வுட்டுட்டாங்க போலிருக்கே.”

பொம்பளைகள் எல்லாரும் சிரித்த சிரிப்பில் குரங்குகள் மதிலை விட்டு ஓடின. நான் படியில் உட்கார்ந்து அழுதேன்.

பையிலிருந்த இரண்டு மஞ்சள் சேலையை மடித்துத் தூளி மாதிரி கட்டி அப்பாவைத் தூக்கினார்கள். மீன் கூடை சுமந்த தோள்கள். ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார்கள். கூடவே ஜெபராஜும் ஒரு முனையைப் பிடித்தார். கீழே மூர்த்தி அண்ணன் தூக்கம் கலைந்து ஓடி வந்தார். “இன்னா சார், ஏறும்போது நடந்துகினு போன, எறங்கும்போது பல்லக்குல வர்ற!” என்று கேட்டுவிட்டு, காலைப் பார்த்ததும் வண்டிக் கதவைத் திறக்க ஓடினார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். பேன்ட் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். நாலு குளுக்கோஸ் மிட்டாய்.

“எனக்கும் சுகர். ஊசி போடறேன். பொண்ணு வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. உங்கப்பாவப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எடுத்தேன். அம்மா கூப்பிட்டாங்க. விட்டுட்டேன். விழுந்தப்புறம் மயக்கத்துல இருக்கறவருக்கு மிட்டாய் குடுக்க முடியாது, அதான் ஆள் தேடி ஓடினேன்.”

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அவர் செய்த அதே காரியத்தைத்தான் நானும் செய்திருந்தேன். அதுவும் சொந்த அப்பாவுக்கு. இருந்தாலும் திட்டினேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி திட்டினேன். அவர் நான் திட்டி முடிக்கும்வரை நின்றார். மிட்டாயை என் கையில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது அவர் அம்மா, பழக்க தோஷத்தில், “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்” என்றார். எங்கம்மா முதல்முறையாக அவரிடம் வாயைத் திறந்து, “வேணாம். நாங்க பண்ணிட்டோம்” என்றாள்.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது. ஆறு மாதம் படுக்கை. அதற்குப் பிறகு கடைசிவரை கைத்தடி. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் அவர் மறுபடி ஏறவே இல்லை. ரயில் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அவர் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறை சொல்வதற்குப் பதிலாகக் கிண்டல் செய்தார். நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால், “கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்துப் போறியா?” என்பார். பல் டாக்டரிடம் முதல் டோக்கன் வாங்கி வந்தால், “எதுக்கும் பையில வெல்லம் எடுத்துக்க” என்பார்.

ஏழாவது வரன் எங்கள் வீட்டிலேயே வந்து பார்த்தது. வாசலில் நாற்காலி போட்டு, புஷ்பா அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தேன். வந்தவர்கள் உட்காருமுன் நான் சொன்ன முதல் வாக்கியம், “எங்கப்பாவுக்கு சுகர், எனக்கும் வரலாம்.” அந்த மனிதர், “எனக்கு பிபி இருக்கு” என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

அப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. தூக்கத்திலேயே, நிம்மதியாகப் போனார். மறுநாள் அடக்கம் என்று முடிவாகியிருந்தது. வீடு கொள்ளாத சனம். ரயில்வேக்காரர்கள், சபை ஆட்கள், மார்க்கெட் மொத்தமும். பாஸ்டர் என்னிடம் வந்து, ஆராதனையை எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று கேட்டார். நான் விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தவள். யோசிக்காமல் சொன்னேன்:

“காலைல ஆறு மணிக்கே எடுத்துடலாம் பாஸ்டர். ஜிஎஸ்டி ரோட்ல கூட்டம் இருக்காது.”

பெட்டியின்மேல் கை வைத்து அழுதுகொண்டிருந்த அம்மாவின் தோள் குலுங்கியது. இன்னும் அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சேலையை வாயில் வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். புஷ்பா அக்கா பெட்டியைப் பார்த்து, “சாரு, கேட்டியா உம் பொண்ணு சொல்றத?” என்றாள். அவ்வளவுதான், மொத்த வீடும் சிரித்தது.

மறுநாள் சாயந்திரம் ஐந்தரை மணிக்கு எடுத்தோம். ஆபீஸ் விட்டு வருகிறவர்களும் சேர்ந்துகொள்ளட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். இரும்புலியூரிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை ரோடு அடைத்துக்கொண்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். நான் திரும்பி, பிரஷர் குக்கர் கணக்காக, அவனைப் பார்த்து ஒரு கத்து கத்தினேன். அடிப்பதை நிறுத்திவிட்டான். கூட்டம் அசையாமல் நின்றது. அப்பா அதன் நடுவில் மெதுவாகப் போனார்.